பேயின்மைச் சான்று

அறிவியல் அமைச்சர் பதவிக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. பொதுப்பணிக்கு அடித்துக்கொள்வார்கள், உணவுக்கு அடித்துக்கொள்வார்கள். ஒரு தடவை மீன்வளத்துக்காகச் சட்டை கிழிந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அறிவியலை மட்டும் ஆளாளுக்குப் பக்கத்து ஆள் பக்கம் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் அது பேராசிரியர் ஐயம்பெருமாள் மடியில் வந்து விழுந்தது.

நான் மீரா முகைதீன், மேலப்பாளையம். அமைச்சர்களுக்கு நேர்முக உதவியாளனாக இருந்தே தலை நரைத்தவன். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். அவர்கள் விட்டுப்போகும் சால்வைகளை மடித்துவைப்பதுகூட என் வேலைதான்.

ஐயம்பெருமாள் சார் திருநெல்வேலியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டுமானம் சொல்லிக்கொடுத்தவர். தொகுதியில் கட்சிக்குள் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி நிறுத்தும் ஆளை மற்றது கவிழ்த்துவிடும். இரண்டு கோஷ்டிக்கும் பகையில்லாத மனிதர் என்று தேடியபோது, அரசியலே தெரியாத இவர் அகப்பட்டார். ஜெயித்தும் தொலைத்தார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறதே, அறிவியலைக் கொடுத்துவிடுங்கள் என்று மேலே யாரோ சொல்லிவிட்டார்கள்.

பாளையங்கோட்டை முகாம் அலுவலகத்தில் முதல் நாள் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நமக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

துறைச் செயலாளர் ஸ்ரீவத்ஸன், குழந்தையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். "சார், வேலை செஞ்சா தப்பு வரும். தப்பு வந்தா கேள்வி வரும். இந்தத் துறை ஆரம்பிச்ச நாளிலேருந்து சட்டசபையில நம்மளப் பத்தி ஒரு கேள்விகூட வந்ததில்லை. அதைத்தான் வருஷா வருஷம் ஆண்டறிக்கையில சாதனைன்னு எழுதறேன்."

ஆகவே அமைச்சர் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளைத் திறந்துவைத்தார். களக்காட்டில் ஓர் எரிமலை, திசையன்விளையில் ஓர் எரிமலை. எல்லா எரிமலையும் சோடா உப்பும் எலுமிச்சைச் சாறும்தான். "இது ஏன் பொங்குது?" என்று அவர் பிள்ளைகளிடம் கேட்பார். "அமைச்சர் வந்திருக்கும் மகிழ்ச்சியில்" என்று தலைமையாசிரியர் பதில் சொல்லுவார். ராத்திரி காரில் திரும்பும்போது மனுஷர் விரலில் ஒட்டிய சோடா உப்பைத் தேய்த்துக்கொண்டே வருவார்.

அதற்குப் பிறகுதான் மருதடித்துறைப் பாலம் எங்கள் தலையில் விழுந்தது.

மருதடித்துறை முக்கூடலுக்கு மேற்கே இருக்கிறது. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் அங்கே தரைப்பாலமாக இருந்த பழைய தாம்போதி அடித்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் ஆற்றுப்பாலங்கள் வாரியம் ஒரு பாலம் கட்டியது. குறை சொல்ல முடியாத பாலம். பெரிய அமைச்சர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டி, கல்லில் பெயர் பொறித்து, காரில் கடந்து போனார். அதுதான் கடைசி. பிறகு ஒரு சைக்கிள்கூட அதில் ஏறவில்லை. பிள்ளைகள் பைக்கட்டைத் தலையில் வைத்து ஆற்றில் இறங்கி நடந்தார்கள். தண்ணீர் பெருகினால் முக்கூடல் சுற்றிப் போனார்கள். பஸ் டிரைவர் பாலத்து வாசல் வரைக்கும் வந்து, வண்டி சூடாகிவிட்டது என்று சொல்லித் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

காரணம் நான்காம் தூண். நல்ல உச்சி வெயிலில், ஆற்றில் ஆளில்லாத நேரத்தில், அந்தத் தூணுக்குள்ளிருந்து ஒருவன் கயிறு கேட்கிறான் என்று ஊர் சொன்னது. கத்துவதில்லையாம், ஏசுவதில்லையாம். வேலை முடிந்தவன் மேலே நிற்பவனிடம் கேட்பது மாதிரி, "கயித்தப் போடுங்கலே" என்று பைய ஒரு தரம் கேட்குமாம். பதிலுக்குக் காத்திருப்பதுபோல அதற்குப் பிறகு ஒரு அமைதி இருக்குமாம். அந்த அமைதிக்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள்.

எனக்கு இதிலெல்லாம் கருத்துக் கிடையாது. அரசு ஊழியனுக்குக் கருத்து இருந்தால் இடமாறுதல் வரும்.

பாலத்தை யாரும் உபயோகிக்கவில்லை என்பதால் வாரியத்துக்கு மேலிடத்திலிருந்து குடைச்சல். அவர்கள் யோசித்து எங்கள் துறைக்கு எழுதினார்கள். மேற்படி பாலத்தில் பேய் ஏதும் இல்லை என்று அறிவியல் துறை ஒரு சான்று வழங்க வேண்டுமாம்.

ஸ்ரீவத்ஸன் அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "சார், இன்னொரு துறை நம்மகிட்ட ஒண்ணு கேக்கறது இதான் முதல் தடவை!"

"பேய் இல்லைன்னு எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே? ஒரு வரி போதுமே" என்றார் அமைச்சர்.

"ஒரு வரியா! நீங்க தனியா எழுதினா அது அபிப்பிராயம் சார். கமிட்டி போட்டு எழுதினாத்தான் அது உண்மை."

கமிட்டி போடப்பட்டது. பேயின்மைச் சான்று என்று ஒரு படிவம் அச்சானது. புதிதாகப் படிவம் எழுத அதிகாரம் இல்லாததால் இருப்பிடச் சான்றுப் படிவத்தையே எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றினார்கள். அதனால் பேயின் பெயர், தகப்பனார் பெயர், ஆண்டு வருமானம், அங்க அடையாளம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.

"பேய்க்கு வருமானமா?" என்று அமைச்சர் கேட்டார்.

"இல்லைன்னா இல்லைன்னு போட்டுக்கலாம் சார். கட்டத்தை எடுக்கத்தான் நமக்கு அதிகாரம் இல்லை."

கமிட்டியில் விஷயம் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதி. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேய்க்குப் பேராசிரியர் இல்லை. களக்காட்டுப் பக்கத்திலிருந்து பேயோட்டும் கோடாங்கி ஒருவரை, உடுக்கையோடு, துறை வல்லுநராக நியமித்தார்கள். அவர் வந்ததும் முதலில் கேட்டது, "இருக்குன்னு சொல்லணுமா, இல்லைன்னு சொல்லணுமா? அதைச் சொல்லிட்டா நான் சீக்கிரம் ஊருக்குப் போயிருவேன்" என்பதுதான். கமிட்டியிலேயே விவரமான ஆள் அவர்தான் என்று எனக்கு அப்போதே பட்டது.

ஆய்வு ஒரு சித்திரை மத்தியானத்தில் நடந்தது. புகார் உச்சிப் பொழுதைப் பற்றியது என்பதால் ஆய்வும் உச்சிப் பொழுதில். ஆற்று மணலில் பந்தல், சோபா, மைக், கலர் பாட்டில்கள். ஆறு இளைத்து ஓரமாக ஓடியது. வெயிலில் பாலம் வெள்ளை வெளேரென்று நின்றது. ஊர் முழுக்கக் கரையில் கூடியிருந்தது. ஆனால் ஒருத்தர்கூடப் பேசவில்லை. அத்தனை ஜனம் பேசாமல் நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வாரியத்தின் தலைமைப் பொறியாளர் நேசையா மைக்கைப் பிடித்தார். அவர் அமைச்சரிடமே படித்த மாணவர். "இந்தப் பாலம் பாதுகாப்பு விருது வாங்கிய பாலம். வேலை நடந்தபோது ஒரு உயிர்ச்சேதம்கூட இல்லை என்பதற்காக வாங்கிய விருது. விருதுக்கு விண்ணப்பித்த பிறகு இங்கே யாரும் சாகவில்லை. அதற்கு முன்னால் யாராவது செத்திருந்தால் நாங்கள் விண்ணப்பித்தே இருக்க மாட்டோம். ஆகவே யாரும் சாகவில்லை" என்றார். வாரியத்து ஆட்கள் கை தட்டினார்கள்.

பிறகு இயற்கை நீதிக்கு இணங்க, எதிர்த்தரப்புக்கு ஒரு வாய்ப்பு. கோர்ட்டில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட வேண்டும் என்று ஸ்ரீவத்ஸன் ஏற்பாடு செய்திருந்தார். டவாலி போட்ட சேவகர் தூணைப் பார்த்து நின்று, "மருதடித்துறைப் பேய்! மருதடித்துறைப் பேய்! மருதடித்துறைப் பேய்!" என்று மூன்று தடவை கூவினார்.

குரல் பாலத்தின் அடியில் போய் மோதித் திரும்பி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. காற்றில்லை, காக்காய் இல்லை. கோடாங்கி உடுக்கையைத் துணிக்குள் சுருட்டி வைத்துவிட்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அல்லாவே, சீக்கிரம் முடித்துக் கொடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஆஜராகவில்லை" என்று ஸ்ரீவத்ஸன் எழுதப்போனார்.

"பேயின்னு கூப்பிட்டா எப்படிய்யா திரும்பிப் பாப்பாவ?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அவுகளுக்குப் பேரு இருக்கு. கொம்பையான்னு கூப்பிடச் சொல்லுங்க."

முப்பது வயசுகூட இருக்காத ஒரு பெண் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றாள். நெற்றியில் பொட்டு பாதி அழிந்திருந்தது. பெயர் முப்புடாதி என்றாள்.

"எங்க வீட்டு அவுகதான் உள்ள இருக்காவ. தூணுக்கு அடியில கிணறு இறக்குவாங்கல்லா, அதுக்குள்ள மண்ணள்ள இறங்குனாவ. நான் கஞ்சி கொண்டுட்டு வந்து மேல நிக்கேன். மணலு பொங்கிருச்சின்னு ஒரே சத்தம். கயித்தப் போடுங்கலேன்னாவ. ஒரு தரந்தான் கேட்டாவ. அதுக்குள்ள என்னையப் புடிச்சிக் கரைக்குத் தள்ளிட்டாங்க. மறுநா வந்து பாத்தா கிணத்து வாய மூடி சிமெண்டு பூசிக் கெடக்கு. உன் புருசன் எவளையோ கூட்டிக்கிட்டுப் பம்பாய்க்கு ஓடிட்டான்னு காண்ட்ராக்டர் சொல்லுதாரு."

"அம்மா, இது புகார் கேக்கற இடம் இல்லை" என்றார் ஸ்ரீவத்ஸன்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அமைச்சரைத்தான் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் சாமி. அவுக ஓடிப்போகல. செத்துட்டாவன்னு சர்க்காரு ஒரு வார்த்தை சொல்லணும். பொட்டு வச்சா, ஓடிப்போனவன் பொண்டாட்டிக்குப் பவுசப் பாருன்னு ஊரு சிரிக்கு. அழிச்சா, உசுரோட இருக்கவனுக்குத் தாலியறுக்கியாடின்னு மாமியா அடிக்க வாராவ. நான் இன்னும் அழவே இல்ல சாமி. எதுக்குன்னு அழ?"

ஸ்ரீவத்ஸன் அமைச்சர் காதோரம் குனிந்தார். "சார், சிக்கலே இல்லை. பேய்ங்கறது செத்தவன். இங்க யாரும் சாகலை. ஆகவே பேய் இல்லை. நீங்க கையெழுத்துப் போட்டா ரெண்டும் ஒரே அடியில முடிஞ்சது."

அமைச்சர் எழுந்தார். பந்தல் போட்டவர்களிடம் ஒரு சுத்தியல் வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார். நேசையாவும் நானும் பின்னால் ஓடினோம். மணலுக்கு மேலே தெரிந்த கிணற்றுச் சுவரை ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே போனார். முதல் மூன்றும் நிறைந்த குடம் மாதிரி கனமாக ஒலித்தன. நான்காவது வெறுங்குடம்.

"ஏலே நேசையா, உள்ள மணல் நிரப்பலையே. ஏன்லே நிரப்பல?"

நேசையா கரையைத் திரும்பிப் பார்த்தார். கண் பார்வைக்கு எட்டிய தூரத்தில் அவள் நின்றாள். குரலைத் தணித்து, "மேல மண்ணு தள்ள ஒருத்தனுக்கும் கை வரல சார். அதான் அப்படியே மூடிட்டோம்" என்றார். உடனே, "நான் ஒண்ணும் சொல்லல சார்" என்றும் சொன்னார்.

அன்றைக்கு அமைச்சர் கையெழுத்துப் போடவில்லை. தூணை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். வாரியத்திலிருந்து பதில் வந்தது: உள்ளே ஆள் இருப்பதற்குச் சான்று இருந்தால் உடைக்கலாம், உடைக்காமல் சான்று கிடைக்காது என்பதை வாரியம் வருத்தத்தோடு ஏற்கிறது. போலீஸ், பிணம் இருந்தால் வழக்குப் பதியலாம் என்றது. தாலுகா, இறப்புச் சான்று இருந்தால் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது. கடைசி வரி மூன்றிலும் ஒன்றுபோல இருந்தது: இப்பொருள் அறிவியல் துறையின் பரிசீலனையில் உள்ளது. நாங்கள் பேய் இல்லை என்று சொன்னால் மூவரும் கோப்புக் கட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் மனிதராக இல்லை. மத்தியானம் இலை போட்டால் கை வைக்க மாட்டார். காரை எடுக்கச் சொல்லி மருதடித்துறை போய், நான்காம் தூணடியில் குடைகூட இல்லாமல் நிற்பார். எங்கே போனாலும் எதையாவது தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். மேஜையைத் தட்டினார், சுவரைத் தட்டினார். முக்கூடலில் ஒரு கண்காட்சியில் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். கூட்டமும் சேர்ந்து கேட்டது. எரிமலை மட்டும் பொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் தூணடியில் என்னாலும் பொறுக்க முடியவில்லை. "சார், உங்களுக்கும் கேக்குதா?" என்றேன்.

"கேக்கல பாய்." என்றார். "ஊருக்கே கேக்குது. அந்த நேசையாவுக்குக் கேக்குது, அவன் முகத்தப் பாத்தா தெரியுதுல்லா. எனக்கு மட்டும் கேக்கல. நான் தினமும் வந்து நிக்கேன், ஒண்ணுமே கேக்கல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு வே."

சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார். முப்புடாதியை வரவழைத்து எதிரில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுக் கட்டங்களை நிரப்பினார். பெயர் கொம்பையா. தகப்பனார் பெயர் சிவனணைஞ்சான். வருமானம் இல்லை. அங்க அடையாளம், இடது புருவத்தில் தழும்பு. கடைசியில் முடிவு என்ற கட்டத்தில், 'பேய் உண்டு. நான்காம் தூணுக்குள் இருக்கிறது. மண்ணள்ள இறங்கி இறந்தவர்' என்று எழுதி, கமிட்டித் தலைவராகக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்ரீவத்ஸன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "சார்! அறிவியல் அமைச்சரே பேய் உண்டுன்னு எழுதினா உலகம் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும் வே. நான் படிச்ச படிப்புல பேய் கிடையாது. இன்னிக்கும் கிடையாது. ஆனா உம்ம சர்க்கார்ல செத்த மனுசனுக்கு ஒரு கட்டம் இல்ல, பேய்க்கு இருக்கு. அவனை வேற எங்க நான் எழுத? சொல்லும்."

ஸ்ரீவத்ஸன் மை காயும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகம் சிரித்தது. பத்திரிகைகள் கேலிப்படம் போட்டன. ஒரு கோஷ்டி அவர் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டுப் போனது. உடல்நிலை காரணமாக அமைச்சர் விலகினார் என்று அறிவிப்பு வந்தது. தன் உடல்நிலை சரியில்லை என்பது அறிவிப்பைப் படித்துத்தான் அவருக்கே தெரிந்தது. கல்லூரிக்குத் திரும்பினார். கரும்பலகையில் பையன்கள் பேய் வரைந்து வைத்திருந்தார்கள். அதை அழித்துவிட்டு, கிணற்று அஸ்திவாரம் நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். என்னை வாரியத்தின் திருநெல்வேலி அலுவலகத்துக்குத் தூக்கியடித்தார்கள். அதற்குக் கருத்துச் சொல்லியிருக்கத் தேவையே இல்லை போலிருக்கிறது.

சான்றை ரத்துசெய்யச் சொல்லி மேலிடம் கேட்டது. ஸ்ரீவத்ஸன் மறுத்துவிட்டார். பயத்தால் அல்ல, விதியால். கமிட்டி கொடுத்த சான்றை ரத்துசெய்ய அதே கமிட்டி கூட வேண்டும். கோடாங்கியோ இனிமேல் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே சான்று உயிரோடு நின்று, வரிசைப்படி வாரியத்துக்கு வந்துசேர்ந்தது.

வாரியத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிரிவு உண்டு. எங்கள் பிரிவு அதிகாரி படித்துப் பார்த்தார். பெயர் இருக்கிறது, தகப்பனார் பெயர் இருக்கிறது, வசிக்குமிடம் வாரியத்துக்குச் சொந்தமான தூண், வாரியத்தின் அனுமதி இல்லை. அப்படியானால் இது ஆக்கிரமிப்பு. அவர் ரொம்ப நேர்மையான மனிதர்; ஆக்கிரமிப்பில் ஆள், பேய் என்று பேதம் பார்ப்பதில்லை. உடனே நோட்டீஸ் தயாரானது. ஒரு நகல் தூணில் ஒட்ட, ஒரு நகல் குடும்பத்தாரிடம் நேரில் கொடுக்க. கொண்டுபோக வேண்டியவன் நான்.

தனியாகப் போக மனசு வரவில்லை. கல்லூரிக்குப் போய் ஐயம்பெருமாள் சாரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முப்புடாதி வாசலில் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். "மருதடித்துறை, சிவனணைஞ்சான் மகன் கொம்பையா என்பார், மேற்படி பாலத்தின் நான்காம் கிணற்றில் பணியின்போது இறந்த நாள் முதல், வாரியத்தின் அனுமதியின்றி அதே இடத்தில் தங்கியிருப்பதாக அரசுச் சான்றின் மூலம் தெரியவருகிறது. பதினைந்து நாட்களுக்குள் மேற்படி இடத்தைக் காலி செய்யத் தவறினால்..."

"நில்லுங்க" என்றாள். "முதல்லேருந்து வாசிங்க. சத்தமா."

வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். உள்ளேயிருந்து மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இறந்த நாள் முதல்னு போட்டிருக்கா? சர்க்காரா போட்டிருக்கு?"

"ஆமாம்மா. முத்திரை இருக்கு."

"பணியின்போதுன்னும் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

அவள் தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா? ஓடிப்போகல. கேட்டுக்கிட்டீங்களாட்டி எல்லாரும்?" என்றாள். மாமியார் அப்படியே வாசலில் சரிந்து உட்கார்ந்தாள்.

நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டு வாங்க வேண்டும். மைப்பெட்டியைத் திறந்தேன். பெற்றுக்கொண்டவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டம் நிரப்பி எத்தனை வருஷப் பழக்கம்! அவளைக் கேட்காமலே 'மனைவி' என்று எழுதினேன்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

சொன்னேன்.

"அதை அடிச்சிருங்க" என்றாள். முந்தானையால் நெற்றிப் பொட்டைத் துடைத்தாள், ஒரு துளி மிச்சமில்லாமல். "அறுதலின்னு எழுதுங்க."

தாலியறுத்தவள் என்று அர்த்தம்; இந்த ஊர்ப் பக்கத்தில் அந்தச் சொல்லை ஏச்சாகத்தான் கேட்டிருக்கிறேன். சண்டையில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துச் சொல்லுவாள், கேட்டவள் மண்ணை வாரித் தூற்றுவாள். நான் ஐயம்பெருமாள் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

நான் 'மனைவி' என்ற சொல்லை அடித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினேன். அவள் கட்டைவிரலை அழுத்திப் பதித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, வாய் திறந்து அழ ஆரம்பித்தாள்.